மலை முகட்டில் டவர்: எதைக் கேட்டால் பதில் கிடைக்கும்?

கோத்தகிரிப் பக்கமோ கொடைக்கானல் கீழ்மலையிலோ, முகட்டில் செல்போன் டவர் வரப்போகிறது என்பது பெரும்பாலும் பொக்லைன் வந்து நிற்கும்போதுதான் ஊருக்குத் தெரிகிறது. அவசரமாகக் கையெழுத்து வாங்கி மனு கொடுக்கிறார்கள். மனுவில் இருப்பது ஒரே காரணம்: கதிர்வீச்சு. அந்த மனு நிற்பதில்லை. கேட்டிருக்க வேண்டிய மற்ற கேள்விகளும் அதோடு போய்விடுகின்றன.

டவரே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படியொரு இரவில் பாதை அறுந்த ஊரிலிருந்து 108-ஐக் கூப்பிட சிக்னல் வேண்டும். எந்த இடத்தில், எப்படி நிற்கப்போகிறது என்பதில்தான் மலைக்காரர்களுக்குப் பேச்சுரிமை இருக்க வேண்டும்.

முதலில் கதிர்வீச்சைப் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் இந்த அலைகளைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம் என்ற பிரிவில் சேர்த்தது. 2012 செப்டம்பர் 1 முதல், சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் இந்தியாவின் வரம்பு என்று மத்திய அரசு குறைத்தது. இதைக் கண்காணிப்பது தொலைத்தொடர்புத் துறை. ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ இதில் அதிகாரம் இல்லை. சந்தேகம் இருந்தால் அத்துறையின் தரங் சஞ்சார் தளத்தில் 4,000 ரூபாய் கட்டி, உங்கள் இடத்தில் அளந்து காட்டச் சொல்லலாம். அளவீடு இல்லாமல் பயத்தை மட்டும் சொல்லிப் போன வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் பலமுறை தள்ளுபடி செய்துள்ளன.

மலைக்கு ஆபத்து மண்ணில் இருக்கிறது. கோபுரத்தின் கான்கிரீட் அடித்தளத்தைவிட அதற்குப் போகும் பாதைதான் அதிகம் கெடுக்கிறது. சிமென்ட், இரும்பு, டீசல் ஜெனரேட்டர் எல்லாம் மேலே ஏற லாரி போக வேண்டும். அதற்காகச் சரிவின் அடியை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். தண்ணீர் இறங்கும் ஓடை அதில் அடைபடுகிறது. ஐப்பசி மழையில் முதலில் நகர்வது அந்தத் தளர்ந்த மண்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் நிலச்சரிவில் இறந்தார்கள். சரிவை வெட்டியதும் நீர்வழி அடைபட்டதும் அதற்கான காரணங்களில் சேர்ந்தவை.

காட்சியும் அற்ப விஷயமல்ல. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற ஊருக்கு மலையின் விளிம்புக்கோடே முதலீடு. உச்சியில் நிறுத்திய கோபுரம் வானத்துக்கு எதிரே வெகுதூரம் துருத்திக்கொண்டு தெரியும். சற்றுக் கீழே இறக்கி, சில்வர் ஓக் மரங்கள் பின்னால் இருக்கும்படி வைத்தால் கண்ணை உறுத்தாது. பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கோபுரம் இருந்தால், புதிய நிறுவனம் அதிலேயே ஆன்டெனா வைக்கலாமே என்றும் கேளுங்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டாவது டவர் வேண்டாம் என்று 2012-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பறவைகளையும் தேனீக்களையும் கருதி அறிவுறுத்தியது. அது சட்டமல்ல, அறிவுரைதான். ஆனாலும் மனுவில் எழுதத் தகுந்தது.

காலம் கடத்தினால் கதவு மூடிவிடும். 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதி, தனியார் இடத்தில் டவர் வைக்க உள்ளாட்சியின் அனுமதி தேவையில்லை என்றது. கட்டடத்தின் மேல் என்றால் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றோடு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால் போதும் என்றது. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டமோ, மத்திய அரசு அதிகாரியின் முன்அனுமதி இல்லாமல் உள்ளாட்சி டவருக்கு சீல் வைக்க முடியாது என்கிறது. எழும்பிய பிறகு இறக்குவது மிகக் கடினம். ஆனால் காட்டு நிலம் என்றால் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய ஒப்புதல் வேண்டும். மலையில் மரம் வெட்ட 1955-ம் ஆண்டின் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். உங்கள் கிராமம் 1990-ல் அமைந்த மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

உள்ளூர்க்காரர்கள் விழித்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொடைக்கானலே சாட்சி. இரண்டு மாடிக்கு அனுமதி பெற்ற பிளசன்ட் ஸ்டே ஓட்டல் ஏழு மாடியாக எழுந்தபோது, அரசே விதிவிலக்கு கொடுத்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குப் போட்டது. அந்த விதிவிலக்கு செல்லாது என்பதை 1995-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

ஆகவே முதல் வேலை காகிதம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, நில சர்வே எண், பாதைக்கான அனுமதி, மரம் வெட்ட வாங்கிய உத்தரவு ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்காகக் காத்திருக்காமல், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் சரிவின் படங்களோடு மனு கொடுங்கள். கிராம சபையில் தீர்மானமும் போடுங்கள். வனச் சட்ட மீறல் என்றால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

நிலம் தருகிறவர்களுக்கும் ஒன்று. ஒப்பந்தம் முடிந்ததும் கோபுரத்தோடு கான்கிரீட்டையும் பெயர்த்து, வெட்டிய சரிவைச் சரிசெய்து தருவது யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். டவர் வைக்க முன்பணம், வரி, பதிவுக் கட்டணம் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடி. கட்டிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.