விறகின்றி வெதுவெதுப்பு: வழிகாட்டும் லடாக்

புதுதில்லி: குளிர்காலந்தோறும் வட மாநிலங்களில், மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டி உறங்கியோர் நச்சுப் புகையால் உயிரிழப்பது தொடர்கதையாக உள்ளது. அடுப்பே இல்லாமல் வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்க முடியும் என்பதற்கு லடாக்கின் மண் வீடுகள் சான்று.

சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. மரங்கள் அரிதான அங்கு, வறட்டியும் மண்ணெண்ணெயுமே நெடுங்காலமாகக் கைகொடுத்து வந்தன. ஒன்றில் புகை, மற்றொன்றில் செலவு.

ஆனால், அங்கு ஆண்டில் 300 நாள்களுக்கு மேல் வெயில் உண்டு. குளிர்காலச் சூரியன் தென்திசையில் தாழ்வாகச் செல்வதால், தென்புறச் சுவருக்குக் கருப்பு வண்ணம் பூசி, சிறிது இடைவெளிவிட்டுக் கண்ணாடி பொருத்துகின்றனர். 'டிராம்ப் சுவர்' எனப்படும் இது பகலில் வெப்பத்தை உறிஞ்சி, இரவில் அறைக்குள் மெல்ல வெளியிடுகிறது. மற்றச் சுவர்களிலும் கூரையிலும் வைக்கோல், மரத்தூள் போன்றவற்றை அடைத்தால் சூடு வெளியேறுவது குறையும்.

1988-ல் தொடங்கப்பட்ட செக்மோல் கல்வி அமைப்பின் வளாகமும், லே அருகே ஃபே கிராமத்தில், சூரிய வெப்பத்தை நம்பியே மண்ணால் கட்டப்பட்டுள்ளது.

பழைய வீடுகளுக்கும் வழி உண்டு. தென்புறச் சுவரையொட்டிக் குளிர்காலத்தில் மட்டும் பிளாஸ்டிக் விரிப்பால் கூடாரம் அமைத்தால் அறை வெதுவெதுப்பாகும். கூடாரத்துக்குள் கீரையும் விளையும். கோடையில் விரிப்பைச் சுருட்டி வைத்துவிடலாம்.

எரிபொருளுக்கு ஆண்டுதோறும் செலவிட வேண்டும். சுவருக்கோ ஒருமுறை செலவிட்டால் போதும்; வெயிலுக்கு விலையில்லை.