இரண்டாம் நிலைக் காவலர் தேர்வும் காத்திருப்புக் காலமும்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு பல கட்டங்களைக் கொண்டது. எழுத்துத் தேர்வு, உடற்கூறு அளத்தல், உடல்திறன் போட்டிகள், சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, முன்நடத்தை விசாரணை என அது பல மாதங்கள் நீளும்.

ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களிலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிகளிலும் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வு முடிவு வந்தபின் ஓடத் தொடங்கினால் உடல் பழக நாள் போதாது. படிக்கும்போதே பயிற்சியும் நடைபெற வேண்டும். சான்றிதழ்களில் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றுபோல் உள்ளனவா என்று முன்பே பார்த்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். வழக்கு ஏதேனும் இருப்பின் விண்ணப்பத்தில் மறைக்கலாகாது; மறைத்ததே நிராகரிப்புக்குக் காரணமாகலாம். வயது வரம்பு உள்ளதால், காத்திருக்கும்போது மேற்படிப்பையோ கையிலுள்ள வேலையையோ விட்டுவிடாமல் இருப்பது நல்லது.