விரல் நுனி அரசியல் – 7: தெரிந்தவர் முகம்

2010 நவம்பர் 2, அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாள். அன்று ஃபேஸ்புக்கைத் திறந்த சுமார் 6 கோடிப் பேருக்கு மேலே ஒரு பெட்டி தெரிந்தது. இன்று தேர்தல் என்ற நினைவூட்டல், வாக்குச்சாவடியைத் தேட வசதி, ‘நான் வாக்களித்தேன்’ என்று ஒரு பொத்தான். அதன் கீழே, பொத்தானை ஏற்கெனவே அழுத்திய நண்பர்களின் முகங்கள், ஆறு வரை.

இன்னும் 6 லட்சம் பேருக்கு அதே பெட்டி, முகங்கள் மட்டும் இல்லாமல். வேறு 6 லட்சம் பேருக்குப் பெட்டியே கிடையாது. தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பது இவர்களில் யாருக்கும் தெரியாது. என்னைப் பொறுத்தவரை அது தவறு.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபௌலர் குழுவினர், யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்ற அரசுப் பதிவேட்டோடு இதை ஒப்பிட்டு, 2012-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். முகமில்லாத பெட்டியைப் பார்த்தவர்களும் எதையும் பார்க்காதவர்களும் ஒரே அளவில்தான் வாக்களித்திருந்தார்கள். முகங்களைப் பார்த்தவர்களிடம் மட்டும் அரை சதவீதத்துக்கும் குறைவான ஏற்றம். ஆய்வின் மதிப்பீட்டில் இதனால் நேரடியாகக் கூடியது சுமார் 60,000 ஓட்டு. அவர்களைப் பார்த்து அவர்களுடைய நண்பர்கள் போட்டது இன்னும் 2,80,000. அதிலும் நெருங்கிய நண்பர்கள்தான் அசைத்தார்கள். பெயருக்கு நண்பர்களாக இருந்தவர்களால் ஒன்றும் நடக்கவில்லை.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்காக மெரினாவுக்குப் போன மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ‘நான் கிளம்பிட்டேன், நீ வர்றியா?’ என்று கேட்ட தோழனையோ தோழியையோதான் முதலில் சொல்வார்கள்.

பயமும் இப்படித்தான் பரவுகிறது. 2012 நவம்பரில் சிவசேனா நிறுவனர் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்டு, பால்கரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். தோழி அதற்கு ‘லைக்’ போட்டார், அவ்வளவுதான். இருவரையும் போலீஸ் கைது செய்தது. ‘புண்படுத்தும்’ இணையப் பதிவுகளைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் அவர்கள் மீது பாய்ந்தது. ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. சட்டப்பிரிவு போய்விட்டது. ‘நமக்கெதுக்கும்மா வம்பு, அழிச்சிடு’ என்று வீட்டுக்குள் ஒலிக்கும் குரல் மட்டும் போகவில்லை.

அந்தக் குரலை அதிகம் கேட்பவர்கள் பெண்கள். ஏற்கெனவே அவர்கள் இணையத்துக்கு வருவதே குறைவு: 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம்.

உங்கள் மகளோ தங்கையோ தெருவில் தேங்கும் சாக்கடையைப் பற்றி நாலு வரி எழுதினால், அழிக்கச் சொல்லாதீர்கள். அதன் கீழே உங்கள் பெயரில் ஒரு வரி எழுதுங்கள்.

(தொடரும்)