உங்களுக்குத் தெரியுமா? ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றாலே லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் அல்ல!

தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அந்தக் காசநோய்க்கு உலகெங்கும் தரப்படும் ஐசோனியாசிட் மாத்திரை, சாப்பிடுவோரில் ஐந்தில் ஒருவருக்கு வரை ஏ.என்.ஏ.வை உண்டாக்கக்கூடும். ஏ.என்.ஏ. என்பது நம் செல்லின் உட்கருவையே குறிவைக்கும் எதிர்ப்புப் பொருள். ஆனால் அந்த மாத்திரையால் லூபஸ் போன்ற நோய் வருவது மிக அரிது. ஆகவே எதிர்ப்புப் பொருள் வேறு, நோய் வேறு. ஏ.என்.ஏ. டெஸ்டில், ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 80 மடங்கு நீர்க்கச் செய்து, ஹெப்-2 என்ற மனித செல்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உட்கரு பச்சையாக மின்னினால் பாசிட்டிவ். 1997-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், நோயில்லாதவர்களிலேயே சுமார் 13 சதவீதத்தினருக்கு இந்த அளவில் மின்னியது!

அப்படியானால் டெஸ்ட் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இதன் பலம் நெகட்டிவில் இருக்கிறது: லூபஸ் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏ.என்.ஏ. இருப்பதால், அது இல்லையென்றால் லூபஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2019-இன் சர்வதேச வகைப்பாடும் இதை நுழைவாயிலாக மட்டுமே வைக்கிறது. மூட்டுவலி, தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம், டி.எஸ். டி.என்.ஏ. எதிர்ப்புப் பொருள் பரிசோதனை எல்லாம் சேர்ந்தே முடிவைச் சொல்லும். குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ லேப் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்தால், சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் சொல்லுங்கள். காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.