வெள்ளம் வடிந்த பிறகு: கழுவுவதற்கு முன் கணக்கெடுங்கள்

2021 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் பெய்த அடைமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் பல குடும்பங்கள் நிவாரண மையங்களுக்குச் சென்றன. அந்த ஆண்டின் இறுதியில் ஏற்பட்ட வெள்ளத்தால் நாட்டுக்கு 610 கோடி ரிங்கிட் இழப்பு என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 310 கோடி ரிங்கிட், சிலாங்கூர் மாநிலத்தில் ஏற்பட்டது.

தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவி, நனைந்ததை வீசிவிடவே மனம் துடிக்கும். சற்றுப் பொறுங்கள். உங்கள் வீட்டில் நேர்ந்ததை நீங்கள் சொன்னால்தான் உதவி செய்பவர்களுக்குத் தெரியும்.

மூன்று கணக்குகள்

சேதம்: உடைந்தவை, நனைந்தவை. மெத்தை, அரிசி, குளிர்பெட்டி, மூக்குக் கண்ணாடி, பல் செட், காது கேட்கும் கருவி.

இழப்பு: போன வேலை நாள்கள், வராத கூலி, தவறிய கிளினிக் தேதி.

தேவை: இன்றே வேண்டியவை. மருந்து, குடிநீர், படுக்கை, துணைக்கு ஒருவர்.

எப்படிச் செய்வது?

மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்த பிறகே உள்ளே செல்லுங்கள். பூட்ஸும் கையுறையும் அணியுங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய அடையாளத்தையும் கெட்டுப்போன பொருள்களையும் கைப்பேசியில் படமெடுக்கப் பிள்ளைகளிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்தை முதலில் எழுதுங்கள்

வெள்ளநீர் பட்ட மாத்திரைகளையும் இன்சுலினையும் பயன்படுத்தாதீர்கள். மருந்துப் பெட்டியையோ அதன் படத்தையோ அரசாங்க கிளினிக்கில் காட்டி, புதிய மருந்து கேளுங்கள். "அடுத்த தேதிக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். இனிப்பு நீர், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சில நாள் மருந்தை நிறுத்துவதும் ஆபத்தே.

உடம்பையும் கணக்கில் சேருங்கள்

வெள்ளநீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம். அது காயத்தின் வழியே உடலில் புகுந்தால் எலிக்காய்ச்சல் வரும். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்தே அது தெரியும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் உடனே கிளினிக்குக்குச் சென்று, "வெள்ளநீரில் நடந்தேன்" என்று சொல்லுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள். சிறு கீறலையும் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ ஏற்பட்டால் 999 எண்ணை அழையுங்கள்.

தூக்கம் வராமல் இருப்பதும், எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பதும் வெள்ளம் விட்டுச் சென்ற பாதிப்புதான். அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். உங்கள் பட்டியலில் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.