இரவுப் பசியும் உலர்ந்த கனியும்



இஷாத் தொழுகை முடிந்து, ரமலான் மாதமாயின் தராவீஹும் நிறைவேறி, நாம் இல்லம் திரும்பும்போது பெரும்பாலும் இரவு பத்து மணியாகிவிடுகிறது. மஃரிபில் அருந்திய நோன்புக் கஞ்சி செரித்துவிட்டது. ஸஹர் வேளைக்கோ இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. அவ்வேளையில் வயிறு ஏதேனும் கேட்பது இயல்பே. கடைத்தெருவில் எண்ணெயில் பொரியும் சமோசாவின் மணமும், கல்லில் வேகும் பரோட்டாவின் மணமும் நம்மை அழைக்கின்றன. வீட்டு அலமாரியிலோ பேரீச்சம்பழமும் கிஸ்மிஸும் அத்திப்பழமும் டப்பாக்களில் காத்திருக்கின்றன. இவ்விரண்டில் உலர்ந்த கனிகளை நாடுவோர் நல்லதையே நாடுகின்றனர். ஆயினும், நல்ல பொருளுக்கும் ஓர் அளவு உண்டு; அதை உண்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அவ்விரண்டையும் மறந்தால் அருட்கொடையே தீங்காகிவிடும் என்பதைச் சிந்திப்பது நம் கடமையாகும்.

பேரீச்ச மரங்களின் கனிகளையும் திராட்சைகளையும் சிந்திப்போருக்குரிய அத்தாட்சியாகத் திருமறையின் 16ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. 95ஆம் அத்தியாயமோ அத்தியின் பெயரையே தாங்கி நிற்கிறது. பேரீச்சம்பழம் இல்லாத வீட்டினர் பசித்தோரே என்னும் கருத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். சமைக்க வேண்டியதில்லை, விரைவில் கெடுவதுமில்லை, எந்நேரமும் எடுத்து உண்ணலாம். பாலைவன மக்களின் பசிக்கு இதைவிடச் சிறந்த துணை வேறு எது?

எளிமையும் சுவையும்

இரவில் உண்பதற்கு நம் இல்லங்களில் எளிதாகச் செய்யத்தக்க சிலவற்றை இங்கே கூறுகிறோம்.

முதலாவது, பேரீச்சையும் பாதாமும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தின் நடுவே ஒரு பாதாமையோ, அக்ரூட் துண்டையோ வைத்து மூடினால் போதும். இத்தகையவை இரண்டோ மூன்றோ உண்டு, வெதுவெதுப்பான பால் அரைக் குவளை அருந்தினால் பசி அடங்கும், வயிறும் கனக்காது. பருப்பில் உள்ள கொழுப்பும் புரதமும் பழத்தின் இனிப்பு இரத்தத்தில் விரைந்து ஏறாமல் சற்றே தடுத்து நிறுத்தும்.

இரண்டாவது, அத்திப்பால். உலர்ந்த அத்திப்பழம் இரண்டை மாலையிலேயே நீரில் ஊறவைத்து, இரவில் சிறு துண்டுகளாக நறுக்கிப் பாலில் இட்டு ஒரு கொதி விட்டால், சர்க்கரை சேர்க்கத் தேவையே இராது. மலச்சிக்கலால் வருந்தும் முதியோருக்கு இது மிகவும் ஏற்றது.

மூன்றாவது, வெள்ளரியும் பேரீச்சையும். பெருமானார் (ஸல்) அவர்கள் வெள்ளரியைக் கனிந்த பேரீச்சம்பழத்துடன் சேர்த்து உண்டதைக் கண்டதாக அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உலர்ந்த பேரீச்சையை மெல்லிய துண்டுகளாக்கி வெள்ளரித் துண்டுகளுடன் கலந்து உண்டு பாருங்கள். கோடை இரவுக்கு இது அருமையான உணவு.

நான்காவது, ஊறல் நீர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பெருமானாருக்காகக் காலையில் ஊறவைத்ததை அவர்கள் இரவிலும், இரவில் ஊறவைத்ததைக் காலையிலும் அருந்துவார்கள். ஒரு கைப்பிடி கிஸ்மிஸைக் கழுவி, மூடிய பாத்திரத்தில் இரவு ஊறவைத்து, ஸஹர் நேரத்தில் அந்நீரை அருந்தலாம். ஆனால் நம் நாட்டு வெப்பத்தில் அது விரைவில் புளித்துவிடும். நுரைத்து, மணம் மாறிவிட்டால் கொட்டிவிட வேண்டும். போதை தருவதாக மாறியது நமக்கு ஹராம். பேரீச்சையையும் திராட்சையையும் ஒன்றாக ஊறவைப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இதன் விளக்கத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், தனித்தனியே ஊறவைப்பதே பேணுதலாகும்.

இனி, நாவின் விருப்பத்திற்கும் ஒன்று கூறுவோம். ஹிஜ்ரி 7இல், அதாவது கி.பி. 628இல், கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா விருந்தில் பரிமாறப்பட்டது ஹைஸ் என்னும் இனிப்பாகும். பேரீச்சையும் நெய்யும் உலர்ந்த தயிர்க்கட்டியும் சேர்த்துப் பிசைவதே ஹைஸ். தயிர்க்கட்டி கிடைக்காவிடில் வறுத்த கோதுமை மாவைச் சேர்க்கலாம். கொட்டை நீக்கிய பழத்தை மசித்து, மாவும் சிறிது நெய்யும் கூட்டி, நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக்குங்கள். மார்க்கம் சுவையை மறுக்கவில்லை. ஒரு வீட்டார் ஓர் இரவு இதைச் செய்து மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால் இது விருந்துப் பண்டம். அன்றாட உணவன்று என்பதை நினைவில் வையுங்கள்.

சுன்னத்தான பழம் தீங்கு செய்யுமா?

இங்கேதான் நாம் கவலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் இல்லங்களில் நீரிழிவு நோயாளிகள் பலர் உள்ளனர். அவர்களுள் சிலர், பேரீச்சை சுன்னத்தான பழம், ஆகவே அதனால் சர்க்கரை ஏறாது என்று நம்பி, இரவில் கைநிறைய உண்கின்றனர். பிள்ளைகள் தடுத்தாலோ, சுன்னத்தைத் தடுக்கிறாயா என்று சினம் கொள்கின்றனர். இந்த எண்ணம் சரியானதா?

ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள் நோயிலிருந்து தேறிவந்த நாட்களில், பெருமானாருடன் உம்முல் முன்திர் (ரலி) என்னும் அன்ஸாரிப் பெண்மணியின் இல்லத்திற்குச் சென்றார்கள். அங்கே பேரீச்சங்குலைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. பெருமானார் (ஸல்) அவர்கள் உண்ணத் தொடங்கினார்கள். அலீ (ரலி) அவர்களும் கை நீட்டினார்கள். அப்போது, நோயிலிருந்து தேறிவருபவராக இருப்பதால் அதைத் தவிர்க்குமாறு கூறிப் பெருமானார் அவரைத் தடுத்துவிட்டார்கள். பின்னர் அப்பெண்மணி வாற்கோதுமையும் கீரையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தபோது, இதுவே உமக்கு ஏற்றது என்று அறிவுறுத்தினார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இச்செய்தி காணப்படுகிறது.

சிந்தித்துப் பாருங்கள்! தாம் விரும்பி உண்ட அதே பழத்தை, தம் அன்பு மருமகனுக்கு அவ்வேளையில் மறுத்தார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். பழத்தை உண்பது சுன்னத்தாயின், நோயாளி அதைத் தவிர்ப்பதும் சுன்னத்தின் வழிகாட்டலேயன்றோ?

இதற்கான காரணமும் எளிதே. கதிரவன் கனியிலிருந்து நீரைத்தான் எடுக்கிறது, இனிப்பை விட்டுவைக்கிறது. ஒரு கிலோ கிஸ்மிஸுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ திராட்சை வேண்டும். 100 கிராம் பேரீச்சையில் 60 கிராமுக்கும் மேற்பட்ட சர்க்கரையும் ஏறத்தாழ 280 கலோரியும் உள்ளன. மெஜூல் என்னும் பெரிய பேரீச்சை ஒன்றில் மட்டும் நான்கு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு ஈடான இனிப்பு இருக்கிறது. அதில் உள்ள நார்ச்சத்தால் அது வெள்ளைச் சர்க்கரையைப்போல் விரைந்து ஏறுவதில்லை என்பது உண்மையே. ஆனால் ஏறவே ஏறாது என்பது உண்மையன்று. ஆகவே நீரிழிவு உடையோர் எத்தனை உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சிறுநீரக நோய் உடையோரும் அவ்வாறே செய்தல் வேண்டும். உலர்ந்த கனிகளில் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து மிகுதி.

வாங்கும்போதும் உண்ணும்போதும்

பளபளவென்று மின்னும் பேரீச்சையில் சர்க்கரைப் பாகு தடவப்பட்டிருக்கக்கூடும். உறையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்து உலர் ஆப்ரிகாட்டுக்கு அந்நிறம் நிலைக்கக் கந்தகப் புகை காட்டியிருப்பார்கள். ஆஸ்துமா உடையோர் அதைத் தவிர்ப்பது நலம். நாட்பட்ட பழத்தைப் பிளந்து பார்த்து உண்ணுங்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் பழைய பேரீச்சையைச் சோதித்து, புழுவை அகற்றிய பின்னரே உண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். சிறு குழந்தைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பல்லில் ஒட்டிய இனிப்போடு உறங்காமல், மிஸ்வாக் செய்துவிட்டே படுக்கைக்குச் செல்லுங்கள்.

உண்ணும் முறையிலும் நமக்குப் பாடம் உண்டு. பலர் சேர்ந்து உண்ணும்போது, உடனிருப்போரின் இசைவின்றி இரண்டு பேரீச்சைகளை ஒருசேர எடுப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எத்துணை நுட்பமான நாகரிகம் இது! ஒவ்வொன்றாக எடுத்து, மென்று, சுவைத்து உண்பவருக்கு மூன்றே நிறைவளிக்கும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தவாறே உண்பவருக்கு முப்பதும் போதாது. எனவே வேண்டியதை மட்டும் ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, டப்பாவை மூடிவிடுங்கள்.

இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. இரவுச் சிற்றுண்டி ஒரு சபையாக நீண்டு, ஸஹருக்கு எழ முடியாமலும் சுபுஹு தவறியும் போகுமாயின், நாம் பெற்றது சிறிது, இழந்ததோ பெரிது. பேரீச்சையை மூமினுக்குரிய நல்ல ஸஹர் உணவென்று பெருமானார் (ஸல்) அவர்கள் போற்றியிருக்க, இரவே வயிற்றை நிரப்பிக்கொண்டு அந்த பரக்கத்தை இழக்கலாமா?

பிளந்த கனி

ஏழைத் தாயொருத்தி தன் இரு பெண்மக்களுடன் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து உதவி கேட்டாள். அன்று அன்னையாரிடம் ஒரே ஒரு பேரீச்சம்பழமே இருந்தது; அதைக் கொடுத்தார்கள். அத்தாய் அதை இரண்டாகப் பிளந்து மக்கள் இருவருக்கும் அளித்தாள், தான் உண்ணவில்லை. கொடுப்பதற்கு ஒரு கனி போதும் என்பதற்கு அன்னையாரும், பகிர்வதற்குப் பாதிக் கனியும் போதும் என்பதற்கு அத்தாயும் சான்றாக விளங்குகின்றனர்.

இன்றிரவு நீங்கள் டப்பாவைத் திறக்கும்போது, உங்கள் தெருவில் ஸஹருக்கு ஏதுமில்லாத வீடு இருக்கிறதா என எண்ணிப் பாருங்கள். நீங்கள் மிச்சப்படுத்தும் பத்துப் பழங்கள் உங்கள் உடலுக்கு நலம். அவை சென்றடையும் வீட்டுக்கு உணவு. மறுமையிலோ உங்களுக்கே நன்மை.

உண்ணுங்கள், பருகுங்கள், ஆயினும் வீண்விரயம் செய்யாதீர்கள் எனும் இறைக்கட்டளையைப் பேணி, அளவோடு உண்டு, பகிர்ந்து மகிழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.