வைரஸ் ஏற்றிச் சென்ற மரபணு

தோட்டத்துப் பெற்றோர்களே, பச்சைக் குழந்தை வாந்தியெடுத்தால் "செரிக்கவில்லை" என்று சொல்லி வசம்பு உரைத்துக் கொடுப்பது நம்மிடையே பழைய வழக்கம். ஆனால் பிறந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பால் குடிக்காமல், ஓயாமல் வாந்தியெடுத்துத் துவண்டுபோகும் குழந்தையை வசம்போடு வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அரிதான ஒரு சுரப்பிக் குறை அதற்குக் காரணமாக இருக்கலாம்.

நம் இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி கவிழ்த்தாற்போல் ஒவ்வொரு சுரப்பி உண்டு. பெயர் அட்ரினல். அது சுரக்கும் கார்ட்டிசோல், காய்ச்சலையும் காயத்தையும் உடம்பு தாங்க உதவுகிறது. அல்டோஸ்டிரோன் உப்பைக் காக்கிறது. இவற்றை ஆக்க வேண்டிய ஒரு நொதியின் மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்துவிட்டால் இரண்டும் குறைகின்றன. உப்பு சிறுநீரோடு போய்விடுகிறது. பெண் குழந்தையானால் பிறப்புறுப்பின் மாற்றத்தைக் கண்டு மருத்துவர் ஐயுறுவார். ஆண் குழந்தையிடம் வெளியே ஒன்றும் தெரியாது. அவனைத்தான் தவறவிடுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தது. 2018இல் வெளிவந்த கணக்குப்படி 5,762 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை. சென்னையில் மட்டும் 2,036இல் ஒன்றுக்கு. நெருங்கிய உறவுக்குள் மணம் முடித்தால், ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தாய்மாமனுக்குப் பெண் கொடுத்த குடும்பங்கள் நம் லயங்களில் இல்லையா?

இக்குறைக்கு மருந்து உண்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை நாள்தோறும் வேளை தவறாமல், வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். உப்பு இழப்பவர்களுக்கு இன்னொரு மாத்திரையும் உண்டு. இப்படி மாத்திரை கொடுத்து வரும் ஒரு தாய் நம்மிடம் கேட்டார்: "சார், அமெரிக்காவில் ஒரே ஊசியில் சரியாகிறதாமே?"

அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. வைரஸ் கிருமிக்கு நம் உயிரணுவுக்குள் நுழையும் திறமை உண்டு. அதன் சொந்தச் சரக்கை இறக்கிவிட்டு, நல்ல மரபணுவை லாரியில் ஏற்றுவதுபோல் ஏற்றி அனுப்பினார்கள். 1999இல் எலிகளிடம் சோதித்தபோது சுரப்பி வேலை செய்தது; சில வாரங்களில் பயன் குறைந்தது. பின்னர் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு இரத்தக் குழாய் வழியே கொடுத்துப் பார்த்தார்கள். சிலருடைய உடம்பு தானே கார்ட்டிசோல் சுரந்தது. பெரிய செய்திதான். ஆனால் அந்த அளவு போதவில்லை என்று பிரிட்ஜ்பயோ நிறுவனம் 2024 செப்டம்பரில் அம்முயற்சியை நிறுத்திக்கொண்டது.

இதில் என்ன சிக்கல்? பால்மரம் சீவிய பெரியவர்களுக்குத் தெரியும்: பட்டையின் மேல் சாயம் பூசினால், உள்ளிருந்து புதுப்பட்டை வளர வளரச் சாயம் உதிர்ந்துபோகும். அட்ரினல் சுரப்பியிலும் உயிரணுக்கள் ஓயாமல் புதிதாகப் பிறந்து, பழையவை மடிகின்றன. இங்கே மட்டும் பிறப்பு வெளி ஓரத்தில், மடிவது உள்ளே. வந்திறங்கிய மரபணுவும் மடிகிறவற்றோடு போய்விடுகிறது. மறுபடி ஊசி போடலாமென்றால், உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டு எதிர்க்கிறது.

மூல உயிரணுவிலேயே மரபணுவைச் சேர்த்தால் நிலைக்கும் வாய்ப்பு அதிகம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இரத்தம் உறையாக் குறையுள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய இரத்த மூல உயிரணுக்களை எடுத்து, வேறு வகை வைரஸால் மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வந்தது. ஐவருக்கும் இரத்தக் கசிவு நின்றிருந்தது. அட்ரினலுக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை.

ஆகவே அந்தத் தாயிடம், மாத்திரையை ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள் என்றோம். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, ஒரு நகலைப் பள்ளியிலும் கொடுங்கள். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் விடியும்வரை காத்திராமல் சிரம்பானோ கோலப்பிலாவோ தம்பினோ, எது அருகிலோ அந்த அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், அந்தச் சீட்டைக் காட்டி ஊசி போடச் சொல்லுங்கள்.